இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது: எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்?

நூறு வருஷத்துக்கு முன் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் கிராம முன்சீப்தான் (ஊர்த் தலைமை அலுவலர்) சாவைப் பதிந்தார். காரணத்துக்குப் பதிவேட்டில் காலரா, அம்மை, பிளேக் என்று சில கட்டங்கள். எதுவென்று புரியாததில் பெரும்பகுதி ‘காய்ச்சல்’ கணக்கில் போனது. இப்போது 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2020இல் நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் சான்றளித்த காரணம் இருந்தது.

முதல் சிக்கல் இது: நம் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. போடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. இது தெரியாமல் இன்சூரன்ஸ் ஆபீஸில் ‘காரணம் போட்டு வாங்கிட்டு வாங்க’ என்பார்கள். கிராமத்தில் இறப்பைப் பதியும் வி.ஏ.ஓ. ‘அப்படியெல்லாம் தர முடியாது’ என்பார். அலைவது வீட்டு ஆள்.

கேட்க வேண்டியது வேறு தாள்: எதனால் இறந்தார் என்று டாக்டர் சான்றளிக்கும் படிவம். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4. வீட்டில் இறந்தால், கடைசி நோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தரும் படிவம் 4ஏ. இதற்குக் காசு கிடையாது. நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2023 திருத்தம் சொல்கிறது.

வாங்கியதும் படித்துப் பாருங்கள். கல்குவாரியில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன ஒருவரின் தாளைப் பார்த்தேன். முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’. எந்த நோயால் என்று எழுத வேண்டிய கீழ் வரிகள் காலி. இதயமும் மூச்சும் நிற்காமல் யார் சாகிறார்கள்? சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்ற சொல்லே இல்லாததால், நஷ்டஈடு கேட்டுப் போன அவர் மனைவியிடம் ‘ஹார்ட் அட்டாக்தானே’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் வார்டிலிருந்து கிளம்பும் முன்பே அடிப்படை நோயை எழுதச் சொல்லுங்கள். நோயும் சிகிச்சையும் சுருக்கமாக எழுதிய டெத் சம்மரியையும் வாங்குங்கள். அப்புறம் போனால் ‘அந்த டாக்டர் மாறிப் போயிட்டார்’ என்பார்கள்.

பதிவு, இறந்த இடத்தில்தான். சொந்த ஊரில் அல்ல. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு ராமநாதபுரத்து வி.ஏ.ஓ. ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரி என்றால் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. வீட்டில் என்றால் நாம் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஒரு வருஷம் வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு நோட்டரி பத்திரம் தேவையில்லை, நாமே கையெழுத்திட்ட ஆவணம் போதும். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவுக்கு நடக்க வேண்டும்.

தகவல் படிவத்தில் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘முத்து’, ஆதாரில் ‘முத்துசாமி’ என்றால் வங்கியில் பணம் நிற்கும். திருத்தத்துக்கு மறுபடி அதே ஆபீஸ் வாசல்தான்.