எச்.ஐ.வி. தடுப்பு: யாரிடம், எங்கே, என்ன பேச வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் எச்.ஐ.வி. குறையாது. வாடிக்கையாளர் கூடுதல் பணத்தைக் காட்டி ஆணுறை வேண்டாம் என்றால் எப்படிச் சமாளிப்பது? ஒரு பாலியல் தொழிலாளிக்குத் தேவை இந்தக் கேள்விக்கான பதில். அதனால்தான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ, தொற்று ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. களத்தில் இதை 'டி.ஐ. திட்டம்' (டார்கெட்டட் இன்டர்வென்ஷன், அதாவது இலக்குப் பிரிவினருக்கான திட்டம்) என்பார்கள். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்துகின்றன.

பெண் பாலியல் தொழிலாளர்கள், ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழியே போதைப்பொருள் எடுப்பவர்கள் ஆகியோர் முதன்மைப் பிரிவினர். லாரி ஓட்டுநர்களும் புலம்பெயர் தொழிலாளர்களும் அடுத்த வட்டம்.

திட்டத்தின் உயிர் சக கல்வியாளர். அதே சமூகத்தில் இருந்து வருபவர், சுமார் 60 பேருக்கு ஒருவர். ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு 40 பேருக்கு ஒருவர். இலவச ஆணுறையைத் தந்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர் வேலை அல்ல. மரத்தாலான ஆணுறுப்பு மாதிரியில் செய்து காட்ட வேண்டும்: காலாவதி தேதியைப் பார்ப்பது, பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழிப்பது, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி அடிவரை உருட்டுவது. பிறகு எதிரில் இருப்பவரையே செய்யச் சொல்ல வேண்டும். தவறு எங்கே நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் உராய்வைக் குறைக்கும் நீர் சார்ந்த ஜெல் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை பலமிழந்து கிழியும்.

ஊசிப் பழக்கம் உள்ளவரிடம் 'ஊசியைப் பகிராதீர்கள்' என்பதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். போதைப்பொருளைக் கரைக்கும் தண்ணீர், பஞ்சு, கரண்டி இவற்றைப் பகிர்ந்தாலும் ரத்தம் கலக்கும். புது ஊசி கொடுக்கும்போதே பழையதைத் திரும்ப வாங்குவதும், போதை ஊசிக்குப் பதிலாக நாவடியில் வைக்கும் ப்யூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்து பற்றிச் சொல்வதும் இதில் அடக்கம்.

பிசகு பெரும்பாலும் நேரத்தில்தான். இரவு வேலை செய்பவரைக் காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார். லாரிக்காரருக்குச் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரம்தான் உண்டு. அங்கே போய்ப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஆணுறையையும் ஆள் கணக்கில் சமமாகப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு எத்தனை தேவை என்று கேட்டுக் கொடுத்தால்தான் நடுவில் தீராது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை இலவசம். விரல் நுனி ரத்தச் சோதனையில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்தால் அது இறுதி முடிவு அல்ல. நம்பிக்கை மையம் எனப்படும் அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் மூன்று வேறு சோதனைகள் செய்த பிறகே உறுதி சொல்வார்கள். உறுதியானால் கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது. தடுப்புப் பணிக்காக ஆணுறையோ புது ஊசியோ கொடுப்பது குற்றமாகாது என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. கையில் ஆணுறை இருந்தால் போலீஸ் பிடிக்கும் என்று அஞ்சி வாங்க மறுப்பவர் பலர்; சக கல்வியாளர் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.