டிரான்ஸ்லாங்வேஜிங்: தமிழில் என்ன சொல்வது?

மொழிக் கல்வி ஆய்வில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் டிரான்ஸ்லாங்வேஜிங். சுருக்கமாகச் சொன்னால், ஒரு மொழியில் படித்ததை, கேட்டதை இன்னொரு மொழியில் பேசியும் எழுதியும் கற்பது. தமிழில் சிலர் இதை மொழிக்கலப்பு என்றே எழுதிவிடுகிறார்கள். கலப்பு வேறு, இது வேறு. எப்படி வேறு என்று பார்க்க இந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். பலர் நினைப்பது போல அது அமெரிக்கா இல்லை, வேல்ஸ் நாட்டின் வடமேற்கில் இருக்கும் பேங்கர் என்ற சின்ன நகரம்.

1994-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் இருமொழி உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, வெல்ஷ் மொழியிலேயே தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். வகுப்பில் அவர் கண்ட ஒரு முறைக்கு வைத்த பெயர் டிரவ்ஸ்யெய்த்தி (கிட்டத்தட்ட இப்படி ஒலிக்கும்). டிரவ்ஸ் என்றால் குறுக்காக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். அடுத்து வருவது மொழி என்று பொருள்படும் யய்த், அதை வினையாக்கும் விகுதியோடு சேர்ந்து வடிவம் மாறி நிற்கிறது. ஆங்கிலத்தில் முதலில் டிரான்ஸ்லிங்குவிஃபையிங் என்று பெயர்த்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை, பிறகுதான் டிரான்ஸ்லாங்வேஜிங் ஆனது. 2001-இல் பேங்கர் பேராசிரியர் கோலின் பேக்கர் தன் இருமொழிக் கல்விப் பாடநூலில் இதை விளக்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

வில்லியம்ஸ் சொன்ன முறை எளிமையானது. ஆறு கரையை அரிப்பது பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கிறார்கள், அதைப் பற்றி வெல்ஷில் பேசிக்கொள்கிறார்கள், வெல்ஷில் எழுதுகிறார்கள். அடுத்த பாடத்தில் தலைகீழ்: வெல்ஷில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்த மொழி உள்ளே போக வேண்டும், எந்த மொழி வெளியே வர வேண்டும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிடுகிறார். இதன் பலனைப் பேக்கர் அழகாகப் பிடித்துக் காட்டுகிறார்: ஒரே மொழியில் படித்து அதே மொழியில் எழுதும் மாணவர் எதுவும் புரியாமலே வரிகளை அப்படியே எடுத்து ஒப்பேற்றிவிடலாம், ஆனால் ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் எழுத வேண்டுமென்றால் முதலில் செரித்தே ஆக வேண்டும்.

இது வேல்ஸில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறாரோ அவருக்குக் கட்டை கைமாறும், நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. 1847-இல் வந்த அரசு அறிக்கை வெல்ஷ் மொழியையே பின்தங்கலுக்குக் காரணமாக்கியது. அறிக்கையின் அட்டை நிறத்தை வைத்து 'நீல நூல்களின் துரோகம்' என்று அந்த மக்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1901-இல் ஏறத்தாழ பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள், 2021 கணக்கெடுப்பில் 17.8 விழுக்காடு, சுமார் 5,38,000 பேர். 1939-இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழே பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி தொடங்கியது. இந்தப் பின்னணியில், இரண்டு மொழியும் ஒரே வகுப்பில் சண்டை போடாமல் ஒன்றுக்கொன்று துணை நிற்கலாம் என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் பொருள் விரிந்தது. நியூயார்க்கில் பணியாற்றிய ஒஃபீலியா கார்சியா 2009-இல் எழுதிய நூலில், இருமொழியாளர்கள் இயல்பாகவே தங்களிடம் உள்ள எல்லா மொழி வளத்தையும் புழங்கும் விதத்துக்கே இந்தப் பெயரைக் கொடுத்தார். அவர் வழியில் வந்தவர்கள், தலைக்குள் மொழிகள் தனித்தனிப் பெட்டிகளாக இல்லை, இருப்பது ஒரே தொகுப்பு என்கிறார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகளை அரைகுறை மொழி என்று மட்டம்தட்டுவதற்கு எதிராக இது வலுவான வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாமே டிரான்ஸ்லாங்வேஜிங் என்று ஆகிவிட்டால், பெரிய மொழி சின்ன மொழியை விழுங்குவதற்கும் அதே பெயர்தான் வரும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஆய்வாளர்கள் இந்தக் கவலையை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், சிறுபான்மை மொழி மட்டும் புழங்கி மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

தமிழோடு நேரடித் தொடர்பும் இருக்கிறது. இந்தத் துறையில் உலகம் அறிந்த சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளைப் பற்றி 1995-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு காட்சி தெளிவாகத் தெரிகிறது: பாடப்புத்தகத்தை ஒட்டிய பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், விளக்குவது, அதட்டுவது, பிள்ளையிடம் ஆதரவாக ஒரு வார்த்தை சொல்வது எல்லாம் தமிழில்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேறொன்று நடக்கிறது. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார், குறிப்பை ஆங்கிலத்தில் சொல்லி எழுத வைக்கிறார், மாணவர் அதை மனப்பாடம் செய்து அப்படியே தேர்வில் எழுதுகிறார். இரண்டு மொழி இருக்கிறது, ஆனால் மாணவர் எதையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோகவில்லை. வில்லியம்ஸ் சொன்னது இது இல்லை.

சரி, தமிழ்ச் சொல். மொழிக்கலப்பு ஆகாது, ஏனென்றால் கலப்பில் இரண்டு மொழிச் சொற்களும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன, இங்கே எந்த மொழி எந்த வேலைக்கு என்பது முன்பே திட்டமிட்டது. மொழிபெயர்ப்பும் ஆகாது, ஏனென்றால் அங்கே மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும், இங்கே புரிந்ததைத் தன் சொல்லில் சொன்னால் போதும். மொழிக்கடப்பு என்றால் ஒன்றை விட்டுவிட்டு அப்பால் போவது போலத் தொனிக்கிறது.

என் பரிந்துரை ஊடுமொழிதல். ஊடு என்றால் உள்ளே, இடையே என்று பொருள். ஊடுருவல், ஊடுபயிர் எல்லாம் அந்தக் குடும்பம். நெசவில் 'ஊடும் பாவும்' என்கிறோமே, அந்த ஊடு நீளவாக்கில் கட்டிய பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல், வெல்ஷ் டிரவ்ஸுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அடுத்த பாதி இன்னும் வசதி. வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் மொழி என்ற பெயர்ச்சொல்லை முயன்று வினையாக்க வேண்டியிருந்தது, தமிழில் மொழி என்பது முன்பே வினையும்கூட, 'மொழிந்தான்' என்றால் சொன்னான். ஊடல் கொள்வதாக யாராவது நினைப்பார்களோ என்று கேட்கலாம், அந்த ஊடுதல் வேறு சொல், ஊடுபயிரைக் கேட்டு யாரும் கணவன் மனைவி பிணக்கை நினைப்பதில்லை.

புழக்கத்தில் இப்படி வரும்: ஆசிரியர் ஊடுமொழிந்து கற்பித்தார், ஊடுமொழி வகுப்பு, ஊடுமொழிவுப் பயிற்சி. கார்சியா சொல்லும் விரிந்த பொருளைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'இயல்பு ஊடுமொழிவு' என்று அடை சேர்த்து எழுதலாம், இரண்டையும் ஒரே பெயரில் குழப்ப வேண்டாம்.