மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே மாணவரிடம் இருக்கும்போது

"புத்திசாலி, ஆனால் சோம்பேறி." உயர்நிலை வகுப்பு மாணவர்களின் கோப்புகளைத் திறக்கும்போது நான் அடிக்கடி காணும் குறிப்பு இது. சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பணியாற்றத் தொடங்கிய காலத்தில் இந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது அதைக் கண்டதும் அந்த மாணவரின் விடைத்தாள்களையும் குறிப்பேடுகளையும் கேட்டு வாங்குகிறேன். மீத்திறன் எனப்படும் உயர்ந்த அறிவாற்றலும் கண்டறியப்படாத கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரும்பாலும் சோம்பலாகவே தெரிகிறது.

என்னிடம் அனுப்பப்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மின்மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதை, காந்தப்புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் பாயும்போது விசை எழுவதிலிருந்து தொடங்கி, திசைமாற்றி இல்லையென்றால் சுருள் ஏன் முழுச் சுற்றை முடிக்காமல் நின்றுவிடும் என்பது வரை, தடையின்றிப் பத்து நிமிடம் விளக்கினான். அதே கேள்விக்கு அவன் தேர்வில் எழுதியிருந்தது மூன்றே வரி. அவற்றில் "திசைமாற்றி" என்ற சொல்லே இல்லை. காரணம் கேட்டபோது, "அதை எனக்குப் பிழையில்லாமல் எழுத வராது, அதனால் விட்டுவிட்டேன்" என்றான். தனக்குத் தெரிந்ததை எழுதாமல், எழுதத் தெரிந்ததை மட்டும் எழுதும் பழக்கம் அவனிடம் பல ஆண்டுகளாக ஊறிப்போயிருந்தது. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது அந்த மூன்று வரிதான்.

இத்தகைய பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. நினைவாற்றலும் சூழலை வைத்து ஊகிக்கும் திறனும் அவர்களைக் கரைசேர்த்துவிடுகின்றன. வாசிக்கச் சிரமப்படும் குழந்தை, பக்கத்தில் இருப்பவர் வாசித்ததைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பித்துவிடும். உயர்நிலைப் பள்ளியில் பாடப் பக்கங்கள் பெருகி, ஆசிரியர் பேசப் பேசக் குறிப்பெடுக்க வேண்டியதாகி, நேரக் கட்டுப்பாட்டுடன் நீண்ட விடைகள் எழுத வேண்டிய நிலை வரும்போது அந்த உத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகின்றன. முன்பு நாள் முழுவதும் உடனிருந்து பிள்ளையைப் பார்த்தவர் ஒரு வகுப்பாசிரியர். இப்போதோ ஆறு ஏழு பாட ஆசிரியர்கள் ஆளுக்கொரு துண்டைப் பார்க்கிறார்கள். கணித ஆசிரியருக்கு அவன் மேதை, மொழி ஆசிரியருக்கு அவன் அக்கறையற்றவன். இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள நேர அட்டவணையில் இடமில்லை.

மதிப்பீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி மதிப்பெண் 100. 130க்கு மேல் பெறுபவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம். பல மீத்திறன் திட்டங்கள் இந்த 130ஐயே நுழைவாயிலாக வைத்திருக்கின்றன. ஒரு மாணவிக்கு மொழிவழிப் புரிதலில் 135, தகவல்களைக் கையாளும் வேகத்தில் 82 என்று வைத்துக்கொள்வோம். மற்ற பகுதிகளும் சேர்ந்து மொத்த மதிப்பெண் 120க்குக் கீழே இறங்கிவிடலாம். மீத்திறன் திட்டத்துக்கு அது போதாது; சிறப்புக் கல்வி உதவிக்கோ, "சராசரிக்கு மேல்தானே இருக்கிறாள்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். திறமை குறையை மறைக்கிறது, குறை திறமையை மறைக்கிறது, இரண்டு கதவுகளும் அவளுக்குச் சாத்தப்படுகின்றன. எனவே பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது, அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் கேட்டுப் பெறுங்கள் என்பதே. அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால், மொத்த மதிப்பெண் அந்தப் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஒற்றை எண்ணை நம்புவதில் உள்ள ஆபத்து புதிதன்று. 1905இல் பிரெஞ்சு உளவியலாளர்கள் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் பாரிஸில் உருவாக்கிய முதல் நுண்ணறிவு அளவுகோலின் நோக்கம், பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பது. அதை அமெரிக்கச் சூழலுக்குத் திருத்தியமைத்த உளவியலாளர் லூயிஸ் டெர்மன், 1921இல் கலிஃபோர்னியாவில் மீத்திறன் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கி, 1,500க்கும் மேற்பட்டோரை வாழ்நாள் நெடுகப் பின்தொடரும் ஆய்வாக அதை வளர்த்தார். அப்போது சோதிக்கப்பட்டுத் தகுதி மதிப்பெண் இல்லையென்று விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும் உண்டு. பின்னாளில் இருவருமே, முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பூக்கம், எடுத்த வேலையில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் மீத்திறனைத் தேட வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் முன்வைத்த கருத்து, பள்ளிக்கு இன்னும் பொருத்தமான வழிகாட்டி என்பது என் எண்ணம். மூன்றாவதைச் சோதனைத்தாளில் அளக்க முடியாது; பிள்ளைக்குப் பிடித்த ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அருகிலிருந்து பார்க்கத்தான் வேண்டும்.

பள்ளிகளில் நான் காணும் பெருந்தவறு, உதவியையும் ஊக்கத்தையும் வரிசைப்படுத்துவது. "முதலில் எழுத்துப்பிழைகள் குறையட்டும், அறிவியல் குழுவில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவருக்கு முறையான பயிற்சியால் வாசிப்பு மேம்படும்; ஆனால் வேகக் குறைவும் எழுத்துக்கூட்டும் சிரமமும் ஓரளவு வாழ்நாள் முழுவதும் உடன்வரலாம். அந்த "பிறகு" பலருக்கு வருவதே இல்லை. இன்னும் வேதனையானது, சிறப்புப் பயிற்சிக்காக மாணவரை வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லும் நேரம். ஆய்வகம், ஓவியம், விளையாட்டு ஆகிய பாடவேளைகளே இதற்கு எளிதாகக் கிடைக்கின்றன என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறோம். வாரம் முழுவதும் தோல்வியையே சந்திக்கும் பிள்ளை, தான் தலைநிமிர்ந்து நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தையும் இழக்கிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். அந்த மாணவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டையும் ஒரே காலத்தில் செய்ய முடியும். ரென்சுல்லியும் அவரோடு பணியாற்றியவர்களும் வகுத்த பாடச் சுருக்க முறை இதற்கு உதவுகிறது: புதிய அலகைத் தொடங்கும் முன் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்தறிந்து, தெரிந்த பகுதியைத் திரும்பச் செய்யச் சொல்லாமல் விலக்களித்து, மிச்சமாகும் நேரத்தை ஆழமான வேலைக்குத் தருவது. அந்தச் சோதனையை வாய்மொழியாக நடத்தினால், எழுதச் சிரமப்படும் மாணவருக்கும் அது நியாயமாக அமையும். மறுபுறம், தேர்வில் கூடுதல் நேரம், தட்டச்சு செய்ய அனுமதி, சொல்வதை எழுதுபவர், ஒலிப்புத்தகம் ஆகியவை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். இவை மற்ற மாணவர்களுக்கு அநீதி என்று சில ஆசிரியர்கள் கருதுகிறார்கள். வரலாற்றுத் தேர்வு அளக்க விரும்புவது வரலாற்று அறிவையா, கையெழுத்து வேகத்தையா என்று அவர்களிடம் கேட்பேன். பெரும்பாலோர் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். ஸ்பெயினின் சலமான்கா நகரில் 1994இல் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடிச் சிறப்புத் தேவைக் கல்வி குறித்து ஏற்ற செயற்திட்டம், பள்ளிகள் இடமளிக்க வேண்டியவர்களாக மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் மீத்திறன் குழந்தைகளையும் ஒரே தொடரில் சேர்த்தே குறிப்பிடுகிறது. பள்ளிக்குள் நாம்தான் அவர்களை இரு வேறு அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்புகிறோம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான இடைவெளி. கடினமான கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு எளிய கணக்கில் எண்களை மாற்றி எழுதுவது, பிறர் அரை மணியில் முடிக்கும் வீட்டுப்பாடத்துக்கு மாலை முழுவதும் ஆவது, உரக்க வாசிக்கச் சொல்லும் நாளில் தலைவலி வருவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமைதியான மாணவிகள் விஷயத்தில் கூடுதல் விழிப்பு தேவை. துறுதுறுப்பு இல்லாத கவனக்குறைவு வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டு மொழி வேறு, பயிற்று மொழி வேறு என்றிருக்கும் பிள்ளைகளை, அவர்களுக்கு நன்கு தெரிந்த மொழியில் பேசிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பதின்ம வயதில் வெட்கமும் ஒரு பெரிய தடை. நண்பர்கள் பார்க்கும்படி சிறப்புக் கல்வி அறைக்குள் நுழைவதைவிடத் தோற்பதே மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகவே திட்டமிடும் கூட்டத்தில் மாணவரையும் உட்கார வைக்கிறேன். மின்மோட்டாரை விளக்கிய அந்த மாணவன் முதல் இரண்டு கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில், தனக்கான வாசிப்புப் பயிற்சி புதன்கிழமை கடைசிப் பாடவேளையில் வருவதாகவும் அது இயற்பியல் ஆய்வக நேரம் என்பதால் வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டான். இரண்டு ஆசிரியர்களின் பாடவேளைகளை நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினோம்.