பட்டியலைப் பார்த்து மரபுத்தொடர் எழுதாதீர்கள்

போன வாரம் ஒருவர் திருத்தித் தரச் சொல்லி ஓர் ஆங்கிலக் கடிதம் அனுப்பியிருந்தார். மேலாளரின் தந்தை இறந்ததற்கான இரங்கல் கடிதம். இரண்டாவது வரியிலேயே ‘கிக்டு தி பக்கெட்’. மரபுத்தொடர்ப் பட்டியலில் ‘இறந்துபோதல்’ என்று போட்டிருந்ததாம். பொருள் சரிதான். ஆனால் தமிழில் சொன்னால் அவர் எழுதியது இது: “உங்கள் அப்பா மண்டையைப் போட்ட செய்தி கேட்டு வருந்துகிறேன்.”

மொழிபெயர்ப்பும் கடிதத் திருத்தமும்தான் என் தொழில். இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

மரபுத்தொடர்களை அள்ளிப் போட்டால் ஆங்கிலம் உயர்ந்துவிடும் என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! காலமானார், இறைவனடி சேர்ந்தார், செத்துப்போனார், மண்டையைப் போட்டார். நாலுக்கும் பொருள் ஒன்றே. கண்ணீர் அஞ்சலியில் கடைசியைப் போடுவோமா? யாரும் நமக்கு விதி சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே பழகினோம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதிதான் ஆபத்து.

தமிழோடு ஒத்துப்போவது போலத் தெரியும் தொடர்கள் இன்னும் மோசம். ‘புல்லிங் யுவர் லெக்’ என்றால் விளையாட்டாகக் கதைவிட்டுச் சீண்டுவது. அதைக் ‘காலை வாருகிறான்’ என்று மொழிபெயர்த்த பக்கங்களை நானே திருத்தியிருக்கிறேன். நம் காலை வாருதல் துரோகம். நண்பனின் கேலி அங்கே நம்பிக்கைத் துரோகமாகிவிடுகிறது.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே சில தொடர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் கடுமையாக வாதிட்டார்கள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான் என்பது பிறகுதான் தெரிந்தது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். நாமெல்லாம் எம்மாத்திரம்?

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் காதால் நாலைந்து முறை கேட்காத தொடரை எழுதாதீர்கள். அகராதியில் பொருளோடு நிறுத்தாமல், பக்கத்தில் ‘பேச்சுவழக்கு’, ‘பழைய வழக்கு’ என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். தொடருக்குள் சொல்லை மாற்றாதீர்கள். ‘பக்கெட்’டுக்குப் பதில் வேறு வாளியைப் போட்டால் வெறும் வாளியைத்தான் உதைத்திருப்பீர்கள். பட்டியலோடு வரும் பிறப்புக் கதைகளையும் நம்பவேண்டாம். கூரையிலிருந்து நாயும் பூனையும் வழுக்கி விழுந்ததால்தான், கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்தது என்பது 1999-ல் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை.

அப்புறம், தயவுசெய்து கேளுங்கள்: துக்கம், மன்னிப்பு, நோய் பற்றி எழுதும்போது மரபுத்தொடரே வேண்டாம். ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும். அந்தக் கடிதத்திலும் இரண்டாவது வரியை அடித்துவிட்டு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.