பிறந்தநாள் முடிந்ததும் வரும் ‘பசி டானிக்’ கூட்டம்

கடந்த வாரம் 14 மாதப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு அம்மா, அப்பா, ஆச்சி மூவரும் வந்தார்கள். குறை ஒன்றுதான்: பிள்ளை சாப்பிடுவதில்லை. பையன் அம்மாவின் தோளில் அரைத்தூக்கத்தில் கிடந்தான். பகல் பதினொரு மணிக்கு, ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்க வேண்டிய வயதில், எந்தப் பிள்ளை இப்படித் துவண்டு கிடக்கும்? பையைத் திறக்கச் சொன்னேன். டயப்பர்களுக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்கள் வந்தன. ஒன்றில் சைப்ரோஹெப்டடின். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததும் பசி எடுத்ததாம். மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். அது அலர்ஜிக்கான மருந்து. தூக்கம் வரும் என்பது அதன் முதல் பக்கவிளைவு.

எடை போட்டேன். 9.8 கிலோ. அந்த வயதுக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாத எடை.

அப்பா சும்மா இருக்கவில்லை. போனில் முதல் பிறந்தநாள் படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். “எப்படிக் கொழுகொழுவென்று இருந்தான் பாருங்கள் டாக்டர், இரண்டே மாதத்தில் இப்படி ஆகிவிட்டான்.” ஆச்சிக்குச் சந்தேகமே இல்லை. அன்று மண்டபத்தில் இருந்த அத்தனை கண்ணும் பிள்ளை மேல்தானாம். திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மிளகாய்ப் புகை பிள்ளையின் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். டானிக்தான் என் பிரச்சினை.

ஒரே விளக்கத்தை மாதம் முழுக்கச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் ஆறு கிலோ ஆகிறது, ஒரு வயதில் ஒன்பது. சரி, இரண்டு வயதில்? ஏறத்தாழ பன்னிரண்டு. அதாவது முதல் ஆண்டில் ஆறு கிலோ ஏறிய அதே பிள்ளை, இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இரண்டரை, மூன்று கிலோதான் ஏறும். பிறந்த புதிதில் நாளுக்கு 25, 30 கிராம் ஏறிய உடம்பு இப்போது ஏழு, எட்டு கிராம் ஏறுகிறது. உயரமும் அப்படித்தான்: முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர், அடுத்த ஆண்டில் 12. வளரும் வேகம் பாதிக்கும் கீழே போகும்போது பசி மட்டும் பழையபடியே இருக்க வேண்டும் என்றால் எப்படி? முதல் ஆண்டைப் போலவே இரண்டாம் ஆண்டும் எடை மூன்று மடங்கானால், அடுத்த பிறந்தநாளுக்கு 27 கிலோவில் ஒரு பிள்ளை கேக் வெட்டும். அது எட்டு வயதுப் பிள்ளையின் எடை. அதற்குத்தான் டானிக் கேட்கிறீர்களா?

நடக்கத் தொடங்கியதும் கன்னமும் தொடையும் வற்றும், கால் நீளும். படத்தில் இருந்த கொழுகொழுப்பு தவழும் வயதின் உடம்பு. அது போவதுதான் வளர்ச்சி.

“வயதுக்கு எவ்வளவு எடை என்று காட்டும் அந்த வளர்ச்சிச் சார்ட் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு” என்று படித்தவர்களே வாதாடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளுக்காக ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள். அவற்றில் நம் நாடும் ஒன்று, அளந்தது டெல்லியில். ஒரு வயதில் ஆண் பிள்ளை 7.7 கிலோவுக்கு மேலும் பெண் பிள்ளை 7 கிலோவுக்கு மேலும் இருந்து, சார்ட்டில் தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஒல்லியான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளையை எதிர் வீட்டுப் பிள்ளையோடு நிறுத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

“சோறுதான் இறங்கவில்லை, பால் மட்டும் ஒரு லிட்டர் குடித்துவிடுவான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு லிட்டர் பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து சேர வேண்டியதையும் அது தடுக்கும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். இரவில் பால் பாட்டிலை வாயில் வைத்தே தூங்கவைத்தால் முன்பற்கள் சொத்தையாகும். ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. உண்மையிலேயே தேவையான மருந்தை, வாரம் இரண்டு முறை ஒரு மில்லி கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து மருந்தை, அரசு இலவசமாகத் தருகிறது. அது பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. கேட்டால், மலம் கறுப்பாகப் போனதால் பயந்து நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். இரும்புச்சத்து கொடுத்தால் கறுப்பாகத்தான் போகும். கொடுங்கள்.

ஆச்சி அடுத்ததாகக் கேட்டது தொக்கம் எடுப்பதைப் பற்றி, அதாவது உள்ளே சிக்கிய உணவை வாயால் ஊதி உறிஞ்சி எடுப்பதாகச் சொல்வார்களே, அது. தயவுசெய்து வேண்டாம். தொண்டையிலோ குடலிலோ மாதக்கணக்கில் உணவு ஒட்டிக்கொண்டிருக்காது. உண்மையில் தொண்டையில் சிக்கினால் அந்த நிமிடமே பிள்ளை மூச்சுக்குத் திணறும். வயிற்றைப் பிசைந்து, வாயிலும் மூக்கிலும் ஊதி, உறிஞ்சி எடுத்ததாகக் காட்டும் துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதை எடுக்கிறவர்தான் அறிவார். பிள்ளைக்குக் கிடைப்பது அடுத்தவர் வாயிலிருக்கும் கிருமி. சில நேரம், நுரையீரலுக்குள் போன உணவு.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நீங்கள் சாப்பிடும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தட்டு வையுங்கள். வாரி இறைக்கட்டும், தரையைத் துடைத்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை ஒரு சின்னக் கிண்ணம், நடுவில் பழமோ சுண்டலை மசித்ததோ போதும். முட்டை, கீரை, பருப்பு, மீன் எல்லாம் கொடுக்கலாம். வேர்க்கடலையையும் திராட்சையையும் முழுசாகக் கொடுக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். பிடித்து வைத்து ஊட்டுவதும், போனில் கார்ட்டூன் ஓடவிட்டு வாய் பிளந்த நேரத்தில் திணிப்பதும் ஒரே அத்துமீறல்தான். எதைச் சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்று எதுவுமே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஊட்டும் நேரத்துக்கு மட்டும் அதில் விலக்கு கிடையாது.

மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை, மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்கிறான், கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கூட்டிவாருங்கள். அது பசி டானிக்கில் தீராது, பரிசோதனை வேண்டும். மற்றபடி மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை போட்டு, தாய் சேய் அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கிடையாது. முடிந்தவரை அதே தராசில், சட்டையைக் கழற்றிவிட்டு.