கிராபிக்ஸ் காட்: ஒரு சொல் விளக்கம்

மருமகன் முறையான பொடியன் ஒருத்தன் களுவாஞ்சிக்குடியில இருந்து வந்திரிந்தான். வீட்டில இருந்தே கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கடை பெனர் எல்லாம் டிசைன் பண்ணப் போறானாம், கொம்பியூட்டர் பூட்ட சாமான் லிஸ்ட் ஒண்டு எழுதிக்கொண்டு வந்தவன், பார்த்தா காசில பாதிக்கு மேல கிராபிக்ஸ் காட்டுக்கே போகுது, திறந்து வச்ச வேலையைத் தாங்குற தற்காலிக நினைவகம், ரெம், வெறும் 8 ஜிபி. ஏன் மனே இப்பிடி எண்டு கேட்டன். "மாமா, நான் செய்யப்போறது கிராபிக் டிசைன் தானே, அப்ப கிராபிக்ஸ் காட் தானே பெரிசா வேணும்" எண்டான். அவனில பிழை இல்ல, ரெண்டு வேலைக்கும் ஒரே பேர் வச்சதால வந்த வினை.

கிராபிக்ஸுக்கு வேர் கிரேக்கத்து 'கிராஃபெய்ன்'. எழுதுறது, வரையிறது ரெண்டுக்கும் அவங்களுக்கு அந்த ஒரே சொல்தான், அதுக்கும் முந்தின பொருள் கூரான ஒண்டால கீறுறது. இதை அறிஞ்ச அண்டைக்கு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, ஏனெண்டா நம்மட பக்கத்துப் பிள்ளைகள் இண்டைக்கும் "படம் கீறுறன்" எண்டுதான் சொல்லுவாங்க, எழுத்தாணியால ஏட்டில எழுதினதும் கீறல்தான். தமிழ்நாட்டு ஆக்களுக்குக் கீறல் எண்டா கண்ணாடியில விழுற கோடு, நமக்கு அது படமும்தான்.

காட் இன்னும் கிட்டின சொந்தம். கிரேக்கத்தில பப்பிரசுத் தாளுக்கு 'கார்தேஸ்', அது லத்தீன், பிரெஞ்சு எல்லாம் தாண்டி இங்கிலீசில காட் ஆச்சு. நாம சொல்ற கடதாசி, 1628ல மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டின அதே போர்த்துக்கேயர்ர 'கர்தாஸ்', அதுவும் போய் முடியிறது அந்தக் கார்தேஸிலதான். காட்டும் கடதாசியும் ஒரு வயித்துப் பிள்ளைகள்.

தமிழில 'வரைகலை அட்டை' எண்டு எழுதுறாங்க, எனக்கு அது பிடிச்சிரிக்கு, அடையாள அட்டை எண்டு தினமும் சொல்ற நமக்கு அட்டை அந்நியமில்ல. காட்டுக்குள்ள இரிந்து கணக்குப் பார்க்கிற சிப், ஜிபியு, அதுக்குத்தான் (1999ல என்விடியா ஜீஃபோர்ஸ் 256ஐ விக்கக்குள்ள பரப்பின பேர் அது) நல்ல சொல் அமையல்ல. செயலி எண்டா இப்ப எல்லாரும் போனில இரிக்கிற அப்பைத்தான் நினைப்பாங்க, சில்லு எண்டு எழுதினா இஞ்ச சைக்கிள் சில்லுதான் ஞாபகம் வரும். அதுக்கு சிப் எண்டே சொல்லலாம், வெக்கப்பட ஒண்டுமில்ல.

ஆனா பொருள் விளங்கோணும். அந்த அட்டை கீறுறது உங்கட டிசைனை இல்ல, திரையை. 1920க்கு 1080 மொனிட்டர் எண்டா 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி, ஒவ்வொண்டுக்கும் என்ன நிறம் எண்டு செக்கனுக்கு 60 தரம் கணக்குப் பார்த்து அனுப்புறதுதான் அதுட வேலை. அசையாத நோட்டீஸுக்கு அந்தக் கணக்கு பெரிசா ஒண்டுமில்ல, கொம்பியூட்டர்ர மூளையான புரொசசரோட சேர்ந்து வாற கிராபிக்ஸே போதும். போட்டோஷொப் சில பில்டருக்கு காட்டைப் பாவிக்கும்தான், எண்டாலும் நூறு லேயரோட (ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின படம்) பெனர் பைல் ஒண்டைத் திறந்தா முதல்ல மூச்சு வாங்குறது ரெம். பிளெண்டர் எண்ட சொப்ட்வெயர்ல முப்பரிமாணப் படம் ரெண்டர் பண்றவருக்கும் (உருவாக்கி எடுக்கிறவருக்கும்) டாவின்சி ரிசால்வ்ல வீடியோ வெட்டுறவருக்கும் கதை வேற, அங்க நல்ல காட் இல்லாட்டி வேலை ஆமை வேகத்திலதான் போகும்.

இதில ஒண்டு கவனம், இன்டெல் புரொசசர் நம்பருக்குப் பின்னால எஃப் எழுத்து இரிந்தா அதுக்குள்ள கிராபிக்ஸ் இல்ல, காட் பூட்டாம விட்டா மொனிட்டர்ல ஒண்டுமே தெரியாது. மருமகன்ட லிஸ்ட்டிலயும் அந்த எஃப் இரிந்தது.

அதை முதல்ல மாத்தினம். மறுகா ரெம் 32 ஜிபி, பைல்களை வேகமா எடுக்க வைக்க என்விஎம்இ எஸ்எஸ்டி எண்ட சேமிப்புச் சாமான் ஒண்டு, மிச்சக் காசுக்கு, பக்கத்தால பார்த்தாலும் நிறம் பெரிசா மாறாத ஐபிஎஸ் மொனிட்டர், எஸ்ஆர்ஜிபி எண்ட பொது நிறத் தொகுதியில 100 வீதத்துக்குக் கிட்ட காட்டுறதாப் பார்த்து, ஏனெண்டா திரையில ஒரு சிவப்பும் அச்சில இன்னொரு சிவப்பும் வந்தா கலியாண வீட்டுக்காரருக்கு அவன்தான் பதில் சொல்லோணும். காட்டுக்குரிய நீட்டு ஸ்லொட்டை இப்போதைக்கு வெறுமனே விடச் சொன்னன், ஆனா முப்பரிமாண வேலை வந்தா பிறகு வாங்கிப் பூட்டலாம் எண்டதால பவர் சப்ளையை மட்டும் இப்பவே கொஞ்சம் வாட் கூடினதா எடுக்கிறான்.