விளக்கவுரையில் முக்கியமான செய்தி எங்கே இருக்கிறது?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் அதிகாரிகளில் பெரும்பாலோர் முதலில் கேட்பது மேடைக் கூச்சத்தைப் போக்கும் வழியைத்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது, யாரைப் பார்த்துப் பேசுவது என்பவை அடுத்து வரும். ஆனால் அவர்கள் தயாரித்த ஸ்லைடுகளை வாங்கிப் பார்த்தால், கூச்சத்தைவிடப் பெரிய சிக்கல் அங்கே தெரியும். கூட்டத்தில் இருப்பவர்கள் எதை முடிவு செய்ய வேண்டுமோ, அது கடைசி ஸ்லைடின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும்.

இந்தக் குறை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்குக் கொலம்பியா விண்கலத்தைச் சொல்லலாம். 2003 ஜனவரி 16 அன்று அது ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த வெப்பக்காப்பு நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, சேதத்தை ஆராய்ந்த பொறியாளர்கள் ஸ்லைடுகளைக் காட்டி நாசா அதிகாரிகளுக்கு விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு நிம்மதி தருவதாக இருந்தது. மோதிய துண்டின் அளவு 1920 கன அங்குலம், சோதனைகளில் பயன்படுத்தியதோ வெறும் 3 கன அங்குலம் என்ற தகவல் அதே ஸ்லைடின் அடியில், உட்குறிப்புக்குள் உட்குறிப்பாக இருந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். அந்த ஸ்லைடே விபத்துக்குக் காரணம் என்பது மிகையாகிவிடும். எனினும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியே எடுத்து அலசி, உயர் அதிகாரி ஒருவர் அதைப் படித்தும் உயிராபத்தை உணராமல் போயிருக்கக்கூடும் என்று குறிப்பிட்டது.

நம் அலுவலகக் கூட்டங்களில் உயிர்கள் பணயமில்லை. பழக்கம் மட்டும் அதேதான். ‘விற்பனை நிலவரம்’ என்று தலைப்பிட்டுவிட்டுக் கீழே பன்னிரண்டு எண்களை அடுக்குகிறோம். அந்த இடத்தில் ‘விநியோகம் தாமதமானதால் மூன்றாம் காலாண்டில் விற்பனை சரிந்தது’ என்று முழு வாக்கியமாக எழுதச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். சிலருக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை. சிலருக்கு மேலதிகாரி முன்னால் கெட்ட செய்தியைத் தலைப்பிலேயே போடத் துணிவில்லை. இரண்டாவது வகையினருக்கு உடல்மொழிப் பயிற்சி எதையும் செய்துவிடாது என்பது என் கருத்து.

உடல்மொழி என்றதும், பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்ற கணக்கும் தவறாமல் வந்துவிடுகிறது. அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒருவருடைய சொல்லும் குரலும் முகபாவமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதைக் கொண்டு கணிக்கிறார் என்பதே அங்கே ஆராயப்பட்டது. பட்ஜெட் விளக்கத்துக்கு அதைப் பொருத்துவதில் நியாயமில்லை.

ஒத்திகையையும் பலர் ஸ்லைடுகளை மனத்துக்குள் படிப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எந்த வாக்கியம் மூச்சுக்கு அடங்கவில்லை, எங்கே காரணம் விட்டுப்போயிருக்கிறது என்பது பிடிபடும். முப்பது நிமிடப் பேச்சை, திரையே இல்லாமல், ஐந்து நிமிடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்வேன். அந்த ஐந்து நிமிடத்தில் தானாக முன்னால் வந்து நிற்கும் செய்தி எதுவோ, அதை முதல் ஸ்லைடுக்குத் தலைப்பாக்கலாம். முந்தைய பேச்சாளர் நேரத்தைத் தின்றுவிட்டு, ‘சுருக்கமாக முடித்துவிடுங்கள்’ என்று தலைவர் கேட்டுக்கொள்ளும் நாளிலும் இதே ஒத்திகைதான் கைகொடுக்கிறது.